திங்கட்கிழமை மனுவும் இறுதியாண்டு ப்ராஜெக்டும்

திருவண்ணாமலை நகரை ஒட்டி, வேலூர் சாலையில் வேங்கிக்காலில் இருக்கிறது மாவட்ட ஆட்சியர் அலுவலகம். திங்கட்கிழமைதோறும் அங்கே மக்கள் குறைதீர்க்கும் கூட்டம் நடக்கிறது. செங்கம், போளூர், செய்யாறு, வந்தவாசி, ஜவ்வாதுமலை என்று மாவட்டத்தின் எல்லாப் பக்கங்களிலிருந்தும் மக்கள் மனுவோடு வருகிறார்கள். பட்டா மாறுதல், முதியோர் உதவித்தொகை, வீட்டுமனை, நிலத்தகராறு போன்றவைதான் பெரும்பாலும். ஆனால் அந்தக் கட்டுக்குள் வேறு வகை மனுக்களும் உண்டு. ஊர்த் தொட்டிக்கு ஏற்றும் தண்ணீர் வழிந்து வீணாகிறது, தெருவிளக்கு எரிவதில்லை, மாற்றுத்திறனாளிக்குக் கொடுத்த மூன்று சக்கர வண்டி பழுதாகிக் கிடக்கிறது, மழை பெய்தால் பள்ளிக்கூட வாசலில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நிற்கிறது என்பவை அவை. அதிகாரி பச்சை மையில் கையெழுத்துப் போட்டுக் கீழே அனுப்புவதால் மட்டும் இவை தீர்வதில்லை. யாராவது நேரில் போய்ப் பார்த்து, அளந்து, கழற்றி, மாட்டித்தான் தீர்க்க வேண்டும். இதே மாவட்டத்தில் பாலிடெக்னிக்கிலும் ஐ.டி.ஐ.யிலும் பொறியியல் கல்லூரியிலும் படிக்கும் மாணவர்கள் ஆண்டுதோறும் ஏதாவது ஒரு ப்ராஜெக்ட் செய்துதான் படிப்பை முடிக்கிறார்கள். எதைச் செய்வது என்று தெரியாமல் அவர்களில் பலர் தவிக்கிறார்கள். செய்ய ஆள் கிடைக்காத வேலை ஒரு பக்கம், செய்ய வேலை கிடைக்காத ஆள் மறுபக்கம். இறுதியாண்டு ப்ராஜெக்ட் ஒவ்வொன்றுக்கும் அதைக் கேட்டவர் என்று ஒருவர் இருக்க வேண்டும், அவர் இந்த ஊர்க்காரராக இருக்க வேண்டும், செய்த பொருள் அவருக்குப் பயன்பட்டதா என்பதை வைத்தே மதிப்பெண் போட வேண்டும் என்பது என் வாதம்.

இப்போது நடப்பது என்ன என்பது அந்தக் கல்லூரிகளில் படித்தவர்கள், பாடம் நடத்துபவர்கள் எல்லோருக்கும் தெரியும். கடைசி செமஸ்டர் தொடங்கியதும் நான்கைந்து பேராகச் சேர்ந்து ஒரு பேட்ச் அமைக்கிறார்கள். தலைப்பைச் சீனியர்களிடம் கேட்கிறார்கள், இல்லையென்றால் இணையத்தில் தேடுகிறார்கள். அதுவும் முடியாதபோது ப்ராஜெக்ட் சென்டருக்குப் போகிறார்கள். சென்னை ரிச்சி தெருவில் தொடங்கி ஒவ்வொரு மாவட்டத் தலைநகர் வரை இந்தக் கடைகள் பரவியிருக்கின்றன. பணம் கொடுத்தால் வேலை செய்யும் மாடல், அச்சிட்ட ரிப்போர்ட், வைவாவில் கேட்கக்கூடிய கேள்விகளுக்கான பதில் எல்லாம் சேர்ந்து கிடைக்கும். வெளித் தேர்வாளரான எக்ஸ்டர்னல் வரும் அன்றைக்கு விளக்கு எரிந்தால் போதும். மறுநாள் அந்த மாடல் துறையின் அலமாரிக்குப் போகும், அல்லது அதிலிருந்து சென்சாரையும் ரிலேயையும் பிடுங்கி அடுத்த பேட்ச்சுக்கு விற்றுவிடுவார்கள். இதைப் பார்த்து மாணவர்களைத் திட்டுவது எளிது. அது நியாயமில்லை. யாருக்கும் தேவைப்படாத ஒன்றைச் செய்யச் சொன்னால், அதைக் குறைந்த உழைப்பில் முடிக்கத்தான் யாரும் பார்ப்பார்கள். எக்ஸ்டர்னலுக்கு அந்தப் பொருள் வேண்டாம், கல்லூரிக்கு வேண்டாம், செய்த மாணவருக்கே வேண்டாம். வாங்குபவர் இல்லாத பொருள் நன்றாக இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? மாணவரின் நேர்மையைச் சந்தேகிப்பதற்கு முன், நேர்மையாக உழைப்பதற்கு அவருக்கு ஒரு காரணத்தைக் கொடுத்தோமா என்று கேட்க வேண்டும்.

ஒரே ஒரு தலைப்பை எடுத்துக்கொண்டு சற்று நெருங்கிப் பார்க்கலாம். எலெக்ட்ரிக்கல், எலெக்ட்ரானிக்ஸ் பிரிவுகளில் ஆண்டு தவறாமல் வரும் தலைப்பு, தானியங்கி நீர்மட்டக் கட்டுப்பாடு. தெர்மோகோல் அட்டையில் ஒரு வீடு, பிளாஸ்டிக் டப்பாக்கள் இரண்டு, மீன்தொட்டியில் போடும் சின்னப் பம்ப், ஒரு ஆர்டுயினோ போர்டு, பச்சை சிவப்பு விளக்குகள். டப்பா நிரம்பினால் பம்ப் நிற்கும், காலியானால் ஓடும். வைவா மேசையில் இது ஒருநாளும் தவறாது. இனி அதே கருவியைத் துரிஞ்சாபுரம் பக்கத்து ஊராட்சி ஒன்றின் மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியில் கொண்டுபோய் மாட்டுவதாக வைத்துக்கொள்வோம். தொட்டி ஓரிடத்தில் இருக்கிறது, ஆழ்துளைக் கிணறு பல நூறு மீட்டர் தள்ளி ஏரிக்கரையில் இருக்கிறது. அவ்வளவு தூரத்துக்கு வயர் இழுத்தால் இடி மின்னலுக்கும் மாட்டுக் கொம்புக்கும் திருடருக்கும் அது தப்ப வேண்டும். மோட்டார் மும்முனை மின்சாரத்தில் ஓடுவது. ஒரு ஃபேஸ் போனால் காயில் எரிந்துவிடும் என்பதால் ஸ்டார்ட்டருடன் தடுப்புக் கருவியும் இருக்கிறது. மாணவரின் ரிலே இவை எல்லாவற்றோடும் ஒத்துப்போக வேண்டும். பாறைப் பகுதிக் கிணற்றுத் தண்ணீரில் உப்பு அதிகம். தொட்டிக்குள் தொங்கும் உலோகக் கம்பிகளில் சில மாதங்களில் வெள்ளையாகப் படிவம் ஏறி, தண்ணீர் எந்த மட்டத்தில் இருக்கிறது என்று கருவிக்கே தெரியாமல் போகும். கம்பிக்கு நேர்மின்சாரம் கொடுத்திருந்தால் மின்னாற்பகுப்பால் கம்பி அரித்தே போகும். இவை எல்லாவற்றுக்கும் மேல், தினமும் மோட்டார் போட்டு நிறுத்தும் ஊழியர் இருக்கிறார். கருவி வந்தால் தன் வேலைக்கு ஆபத்து என்று அவர் நினைத்தால் ஒரே வாரத்தில் அது கழன்றுவிடும். எந்தத் தெருவுக்கு எப்போது வால்வு திறக்க வேண்டும் என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும் என்பதால், அவரைக் கேட்காமல் வடிவமைத்த எதுவும் அங்கே ஓடாது.

மேசையில் நடந்த ப்ராஜெக்டுக்கும் தொட்டியில் நடக்க வேண்டிய ப்ராஜெக்டுக்கும் இடையில்தான் தொழிற்கல்வியின் சாரம் முழுவதும் இருக்கிறது. நான்கு செமஸ்டரில் தனித்தனித் தாளாகப் படித்த மின்னியல், வேதியியல், பொருட்களின் தன்மை, மனிதர்களோடு பேசும் திறன் எல்லாம் அந்த ஒரே தொட்டியின் முன்னால் ஒன்றாக வந்து நிற்கின்றன. இறுதியாண்டில் ப்ராஜெக்ட் என்று ஒன்றைப் பாடத்திட்டத்தில் வைத்ததன் நோக்கமே அதுதான். தெர்மோகோல் வீடு இவற்றில் ஒன்றைக்கூட மாணவரிடம் கேட்பதில்லை. திருவண்ணாமலை மாவட்டத்தில் சுமார் 860 கிராம ஊராட்சிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் குறைந்தது ஒரு தொட்டியாவது இருக்கும். தலைப்புப் பஞ்சம் என்று இங்கே யாரும் சொல்ல முடியாது.

வேலை கற்றவர் தன் கையால் ஒரு பொருளைச் செய்து காட்டி, அதை மற்றவர் பார்க்க வைத்துத்தான் தொழிலாளியாக வெளியே வர வேண்டும் என்பது பழைய முறை. ஜெர்மனியில் மரத்தச்சுப் பயிற்சி முடிக்கும் இளைஞர் இன்றும் தானே வரைந்து தானே இழைத்த ஒரு மேசையையோ அலமாரியையோ தேர்வுக் குழுவின் முன் வைக்கிறார். பல ஊர்களில் அவை பொதுமக்கள் பார்வைக்கும் வைக்கப்படுகின்றன. அமெரிக்காவில் ஹார்வி மட் கல்லூரி 1963 முதல், வெளியிலிருந்து நிறுவனங்கள் கொண்டுவரும் உண்மையான சிக்கல்களை மாணவர் குழுக்களிடம் கொடுத்துவருகிறது. வூஸ்டர் பாலிடெக்னிக் 1970-இல் தன் பாடத்திட்டத்தையே மாற்றி, தொழில்நுட்பமும் சமூகமும் சந்திக்கும் ஒரு பிரச்சினையில் வேலை செய்யாமல் பட்டம் இல்லை என்று வைத்தது. நமக்கு இவற்றைவிட அதிகம் உதவக்கூடியது பர்டியூ பல்கலைக்கழகத்தில் 1995-இல் தொடங்கிய ஏற்பாடு. அங்கே உள்ளூர்ச் சேவை அமைப்புகளும் பள்ளிகளும்தான் கேட்பவர்கள். ஒரு குழு படித்து முடித்து வெளியேறினால் அடுத்த குழு அதே வேலையை எடுத்துத் தொடர்கிறது. நம் நாட்டிலும் மும்பை ஐ.ஐ.டி.யில் கிராமப்புறத் தொழில்நுட்பத்துக்காக 1985-இல் தொடங்கப்பட்ட சிதாரா மையத்தின் மாணவர்கள், மகாராஷ்டிர கிராமங்களின் குடிநீர்த் திட்டங்களை நேரில் போய் ஆராய்ந்து, எங்கே ஏன் தண்ணீர் வரவில்லை என்று கண்டறிவதைப் படிப்பின் பகுதியாகவே செய்கிறார்கள். இந்த முயற்சிகள் நாட்டுக்கு நாடு வேறுபட்டாலும், மாணவருக்கு எதிரே பொருளுக்குக் காத்திருக்கும் ஒருவர் இருக்கிறார் என்பது பெரும்பாலும் பொது.

பணக்காரப் பல்கலைக்கழகங்களுக்கும் ஐ.ஐ.டி.க்கும் முடிவது நம் ஊர் பிள்ளைகளுக்கு முடியுமா என்று கேட்பவர்களுக்குக் கேரளம் பதில் சொல்லிவிட்டது. 2018 ஆகஸ்ட் வெள்ளம் வடிந்தபோது, சேறு புகுந்த வீடுகளில் மின்சாரத்தைத் திரும்பக் கொடுப்பதே ஆபத்தான வேலையாக இருந்தது. அப்போது அங்குள்ள ஐ.டி.ஐ. மாணவர்களும் பயிற்றுநர்களும் நைபுண்ய கர்ம சேனை என்ற பெயரில் வீடு வீடாகப் போய் வயரிங்கைச் சோதித்தார்கள், குழாய்களைச் சரிசெய்தார்கள், நனைந்துபோன மின்சாதனங்களைக் கழற்றிக் காயவைத்து ஓடவைத்தார்கள். அந்த மாநிலத்தின் நாட்டு நலப்பணித் திட்டத் தொழில்நுட்பப் பிரிவு, பாலிடெக்னிக், பொறியியல் மாணவர்களை அரசு மருத்துவமனைகளுக்கு அனுப்பி, ஓரங்கட்டப்பட்ட கட்டில்களையும் தள்ளுவண்டிகளையும் கருவிகளையும் பழுதுபார்க்கும் புனர்ஜனி முகாம்களைப் பல ஆண்டுகளாக நடத்திவருகிறது. அந்தப் பிள்ளைகள் படித்ததும் இங்கே நம் பிள்ளைகள் படிக்கும் அதே எலெக்ட்ரீஷியன், ஃபிட்டர், வெல்டர் பாடங்கள்தான்.

சட்டமும் இதற்குக் குறுக்கே நிற்கவில்லை. மத்திய அரசின் பயிற்சித் தலைமை இயக்ககம் 2022-இல் திருத்திய ஐ.டி.ஐ. பாடத்திட்டத்தில், ஆண்டுக்கு 1,200 மணி நேர வகுப்போடு 150 மணி நேரம் அருகிலுள்ள தொழிற்சாலையில் நேரடிப் பயிற்சி கட்டாயம் என்றும், அப்படித் தொழிற்சாலை இல்லாத இடத்தில் அதற்குப் பதிலாகக் குழுவாக ஒரு ப்ராஜெக்ட் செய்வது கட்டாயம் என்றும் இருக்கிறது. செய்யாறு சிப்காட்டை விட்டால் பெரிய தொழிற்சாலைகள் அதிகம் இல்லாத மாவட்டம் இது. கோயிலை நம்பி வரும் பக்தர் கூட்டமும், விவசாயமும், ஆரணிப் பட்டு நெசவும்தான் இங்கே பிழைப்பு. ஆகவே திருவண்ணாமலையிலோ ஜவ்வாதுமலையிலோ ஐ.டி.ஐ. படிக்கும் மாணவருக்கு இந்தக் குழு ப்ராஜெக்ட் பெயருக்கு இருக்கும் மாற்றுவழியாக இருந்துவிடக் கூடாது. அதுதான் அவருக்குக் கிடைக்கும் தொழிற்சாலை. இருபது பேர் இருக்கும் ஒரு பிரிவின் 150 மணி நேரத்தைக் கூட்டினால் 3,000 மணி நேரக் கைவேலை. ஒரு ஒன்றியத்தின் அரசுப் பள்ளிகளில் உடைந்த பெஞ்சுகளையும் ஓடாத மின்விசிறிகளையும் சரிசெய்ய அந்த நேரம் தாராளம். பயன்படுத்திப் பார்க்கத்தான் ஆளில்லை.

பாலிடெக்னிக்கிலும் பொறியியலிலும் ஒரு காலக்கணக்குப் பிழை இருக்கிறது. கல்வி பற்றிய பேச்சில் இது அதிகம் அடிபடுவதில்லை. ப்ராஜெக்ட் கடைசி செமஸ்டரில், கார்த்திகை தீபம் முடிந்த கையோடு தொடங்கி, வெயில் ஏறும் ஏப்ரலில் முடிந்துவிடும். திருவண்ணாமலையின் பெரிய சோதனைகள் எல்லாம் அதற்கு முன்பே வந்து போய்விடுகின்றன. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குகிறது. வேங்கிக்கால் ஏரி நிரம்பி வழிந்தால் தண்ணீர் வேலூர் சாலைக்கும் அருகிலுள்ள குடியிருப்புகளுக்கும் வந்துவிடுகிறது. அதே பருவத்தில் தீபத்துக்கு லட்சக்கணக்கானவர்கள் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் நடக்கிறார்கள். அவர்களுக்குக் குடிநீரும் கழிவறையும் குப்பைத்தொட்டியும் காணாமல்போன குழந்தையைத் தேடும் ஏற்பாடும் வேண்டும். ஏரிக்கு வரும் நீரை அளக்கும் கருவியை ஜனவரியில் செய்தால் அதை அளக்கத் தண்ணீர் இல்லை. கூட்டத்தைச் சமாளிக்கும் கழிவறைக் கதவையோ குழாயையோ மார்ச்சில் செய்தால் அதைச் சோதிக்கக் கூட்டம் இல்லை. மாணவர் செய்த பொருள் ஒருமுறைகூட உண்மையான சுமையைத் தாங்கிப் பார்க்காமலே மதிப்பெண் வாங்கிவிடுகிறது. இறுதியாண்டு தொடங்கும் ஜூனிலேயே தலைப்பு முடிவாகி, செப்டம்பருக்குள் முதல் வடிவம் தயாராகி, மழையிலும் தீபத்திலும் அடிபட்டு, உடைந்ததைக் கடைசி செமஸ்டரில் திருத்துவது என்று வைத்தால் இந்தப் பிழை சரியாகும். இதற்குப் புதிய பாடமோ கூடுதல் பணமோ வேண்டாம். நாட்காட்டியைத் திருப்பி வைத்தால் போதும்.

இங்கே ஒரு எச்சரிக்கையும் வேண்டும். 2024 டிசம்பர் 1-ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் மழையில் அண்ணாமலையார் மலையடிவாரத்தில் மண் சரிந்து ஏழு பேர் இறந்தார்கள். அவர்களில் குழந்தைகளும் இருந்தார்கள். மலைச்சரிவு அபாயத்தைக் கணிப்பது போன்ற வேலையை மாணவர் ப்ராஜெக்டாகக் கொடுக்கக் கூடாது. அது புவியியல் வல்லுநர்களுடையது, அதில் வரும் பிழைக்கு உயிர் விலை. ஆனால் மலையடிவாரத் தெருக்களில் மழைநீர் எந்த வழியில் இறங்குகிறது, எந்த வடிகால் அடைத்திருக்கிறது, எந்த வீட்டுச் சுவர் ஓடையின் மேல் நிற்கிறது என்று சர்வே சங்கிலியும் மட்டக்கருவியும் வைத்து வரைபடம் போடுவதை சிவில் பிரிவு மாணவர்கள் இரண்டாம் ஆண்டிலேயே கற்றுவிடுகிறார்கள். கல்லூரி மைதானத்தை ஆண்டாண்டாக அளந்ததையே மீண்டும் அளந்து ரெக்கார்டு எழுதுவதற்குப் பதிலாக அந்தத் தெருக்களை அளந்தால், வல்லுநரும் மாநகராட்சியும் எடுத்துப் பார்க்க ஒரு வரைபடம் கிடைக்கும். எது மாணவருக்கானது, எது மாணவருக்கானதல்ல என்று பிரிக்கும் பொறுப்பு வழிகாட்டும் ஆசிரியரான கைடுக்கு உண்டு. அந்தப் பிரிப்பைச் சரியாகச் செய்வதே கற்பித்தலில் பெரும்பகுதி.

இந்த யோசனைக்கு வரக்கூடிய எதிர்ப்புகளில் எனக்குக் கனமாகப் படுவது ஒன்றுதான். ஊராட்சியும் பொதுப்பணித் துறையும் சம்பளம் வாங்கிக்கொண்டு செய்ய வேண்டியதை, கட்டணம் கட்டிப் படிக்கும் பிள்ளைகளைக் கொண்டு இலவசமாகச் செய்யவைப்பது சுரண்டல் இல்லையா என்பது அது. இந்தக் கேள்வி நியாயமானது. பயிற்சி என்ற பெயரில் இளைஞர்களைக் கூலியில்லாமல் வேலை வாங்கும் வழக்கம் நம் தொழிற்சாலைகளில் புதிதல்ல. அரசும் அந்த வழியில் இறங்கினால் எதிர்க்கத்தான் வேண்டும். ஆனால் எங்கே கோடு போடுவது என்பது தெளிவானது. ஒரு தொட்டிக்குக் கட்டுப்பாட்டுக் கருவி செய்து, அது ஏன் ஓடுகிறது, எப்போது நிற்கிறது என்று ஓர் ஆண்டு பதிவு செய்வது படிப்பு. அதே கருவியை நூறு தொட்டிகளில் மாட்டுவது தொழில், அதற்குக் கூலி உண்டு. முதலாவது மாணவருடையது, இரண்டாவது டெண்டர் வழியாகவோ சம்பளத்துக்கோ நடக்க வேண்டியது. அந்த நூறு தொட்டி வேலைக்கு முன்னுரிமையை, அதே ப்ராஜெக்ட் செய்து வெளியே வந்த பிள்ளைகள் தொடங்கும் சிறு நிறுவனத்துக்குக் கொடுக்க அரசு விதி செய்யலாம். உதிரிபாகச் செலவு ஒரு ரூபாய்கூட மாணவர் வீட்டிலிருந்து வரக்கூடாது. இன்றைக்கு ப்ராஜெக்ட் சென்டருக்குப் போகும் பல ஆயிரம் ரூபாய் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால், சுரண்டல் எங்கே நடந்துகொண்டிருக்கிறது என்பது தெரியும். தினக்கூலி அப்பாவும், கடன் வாங்கிக் கட்டணம் கட்டும் அம்மாவும்தான் அந்தப் பணத்தையும் கொடுக்கிறார்கள். அந்தப் பணத்துக்கு அவர்கள் பிள்ளைக்கு எதுவும் கிடைப்பதில்லை.

மின்சாரத்தில் கைவைத்துப் பிள்ளைகளுக்கு ஏதாவது ஆகிவிட்டால் யார் பொறுப்பு என்று கல்லூரி முதல்வர்கள் கேட்பார்கள். கேட்க வேண்டும். உரிமம் உள்ள மின்பணியாளர் ஒருவர் நின்று, லைனை நிறுத்தி, சோதித்துத் தந்த பிறகே மாணவர் கை வைக்கலாம் என்பது எழுதி வைக்க வேண்டிய விதி. அந்த விதிக்கு உட்பட்டு வேலை செய்யப் பழகாமல் நாளைக்கு அவர் ஒரு தொழிற்சாலைக்குள் நுழைந்தால் அங்கே ஆபத்து இன்னும் அதிகம். வேலை தேடும் பிள்ளைக்கு ஊர்த் தொட்டி ப்ராஜெக்டால் என்ன பயன், சென்னை கம்பெனியில் இதை யார் கேட்பார்கள் என்பது பெற்றோரின் கேள்வி. நேர்முகத் தேர்வில் புதிதாக வருபவரிடம் கேட்க வேறு அதிகம் இல்லை, ப்ராஜெக்டைப் பற்றித்தான் கேட்கிறார்கள். வாங்கி வந்த மாடலைப் பற்றி மூன்றாவது கேள்வியிலேயே பதில் தீர்ந்துவிடும். கம்பி ஏன் அரித்தது, அதற்கு என்ன செய்தாய் என்று கேட்டால் அரை மணி நேரம் பேசக்கூடிய பிள்ளையை எந்த மேலாளரும் அவ்வளவு எளிதில் திருப்பி அனுப்ப மாட்டார்.

நல்ல கைடு எங்கே இருக்கிறார்கள் என்ற கேள்விக்கு என்னிடம் முழுமையான பதில் இல்லை, ஏனென்றால் இது அரசு தீர்க்காமல் விட்ட பிரச்சினை. அரசு பாலிடெக்னிக் விரிவுரையாளர் பணியிடங்கள் 1,058-க்கு 2017-இல் நடந்த தேர்வு, மதிப்பெண் மோசடியால் 2018-இல் ரத்தானது. மறுதேர்வு 2021 டிசம்பரில்தான் நடந்தது. இடையில் போன ஆண்டுகளில் எத்தனை பேட்ச்சுகள் கௌரவ விரிவுரையாளர்களை மட்டும் நம்பிப் படித்து வெளியேறின! குறைந்த தொகுப்பூதியத்தில், அடுத்த ஆண்டு வேலை இருக்குமா என்று தெரியாமல் பாடம் நடத்துபவரிடம், ஞாயிற்றுக்கிழமை மாணவரோடு ஊராட்சித் தொட்டியில் ஏறச் சொல்வது நியாயமில்லை. ஆகவே ப்ராஜெக்டுக்கான மேற்பார்வை நேரம் ஆசிரியரின் பாடவேளைக் கணக்கில் ஏற வேண்டும், பயணப்படி கிடைக்க வேண்டும், ஒரு ஆசிரியருக்கு இத்தனை குழுதான் என்ற உச்சவரம்பு வேண்டும். பாதிச் சுமையை ஊரில் இருக்கும் அனுபவம் எடுத்துக்கொள்ளும். ஓய்வுபெற்ற லைன்மேன், மோட்டார் காயில் கட்டும் கடைக்காரர், ஆரணியில் ஜக்கார்டு பெட்டியைக் கழற்றி மாட்டத் தெரிந்த நெசவாளர் போன்றவர்களுக்கு மதிப்பூதியம் கொடுத்துத் துணை வழிகாட்டியாக வைக்கலாம். தொழிற்கல்வி பெறும் பிள்ளைகளுக்கு அவர்களைவிட நல்ல ஆசிரியர் கிடைப்பது கடினம்.

இதெல்லாம் ஏற்கெனவே நடக்கிறதே என்று சொல்பவர்கள் ஸ்மார்ட் இந்தியா ஹேக்கத்தானையும், நான் முதல்வன் திட்டத்தின் நிரல் திருவிழாவையும் சுட்டுவார்கள். 2017-இல் தொடங்கிய முன்னதும், 2022 மார்ச்சில் தொடங்கப்பட்ட நான் முதல்வனின் கீழ் வந்த பின்னதும், அரசுத் துறைகளின் சிக்கல்களை மாணவர் முன் வைத்தன. கேட்பவர் வேண்டும் என்ற கொள்கையை அவை ஒப்புக்கொண்டது பெரிய முன்னேற்றம். ஆனால் போட்டி என்று வந்துவிட்டால் சில நூறு அணிகள் மேலே வரும், மற்ற எல்லோரும் பழைய தெர்மோகோலுக்கே திரும்புவார்கள். மாநிலத் தலைநகரில் எழுதப்படும் சிக்கல், செங்கத்து மாணவருக்கு இன்னொரு தேர்வுத்தாள் போலத்தான் தோன்றும். பரிசு வாங்கிய கருவி பிறகு என்ன ஆனது என்று திரும்பிப் பார்க்க எந்தத் தொட்டிக்காரரும் அங்கே இல்லை. வேங்கிக்காலில் திங்கட்கிழமை மனு கொடுத்தவருக்கு விலாசம் இருக்கிறது. பேருந்தில் போனால் ஒன்றரை மணி நேரத்தில் அவரைப் பார்த்துவிடலாம். கருவி நின்றுபோனால் அவரே கல்லூரி வாசலுக்கு வந்து கேட்பார்.

மதிப்பெண் போடும் முறையை மாற்றாமல் இவற்றில் எதுவும் நிலைக்காது. இன்று மதிப்பெண்ணில் பெரும்பகுதி ரிப்போர்ட்டுக்கும் வைவாவுக்கும் போகிறது. செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் வந்த பிறகு, நூறு பக்க ரிப்போர்ட்டை ஒரே மாலையில் பிழையில்லாமல் எழுதி வாங்கிவிடலாம். அச்சிட்ட ரிப்போர்ட் இனி எதற்கும் சான்று ஆகாது. சான்றாகக்கூடியவை இரண்டு. ஒன்று, தேதி போட்டுக் கையால் எழுதி, வாரம்தோறும் கைடு கையெழுத்திட்ட வேலைக் குறிப்பேடு. எந்த அளவு எடுத்தோம், எது எரிந்தது, அன்றைக்கு மோட்டார் போடுபவர் என்ன சொன்னார், ஏன் வடிவத்தை மாற்றினோம் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். மற்றொன்று, கேட்டவரின் வாக்குமூலம். வைவா நடக்கும் அறையில் எக்ஸ்டர்னலுக்குப் பக்கத்தில் ஊராட்சிச் செயலரோ தலைமையாசிரியரோ சக்கர வண்டியில் வந்த பெண்மணியோ உட்கார்ந்து கேள்வி கேட்க வேண்டும். அவர்களுக்குப் புரியும் தமிழில் மாணவர் பதில் சொல்ல வேண்டும். இந்த ஒரே ஒரு மாற்றம் ப்ராஜெக்ட் சென்டர்களின் வியாபாரத்தைப் பெருமளவு முடக்கிவிடும். வேலை செய்யும் மாடலை அவர்களால் விற்க முடியும். ஆண்டு முழுவதும் பழகிய ஒருவரின் சாட்சியத்தை விற்க முடியாது.

தோற்றுப்போன ப்ராஜெக்டுக்கும் இந்த முறையில் முழு மதிப்பெண் கிடைக்க வழி வேண்டும். உண்மையான தொட்டியில் முதல் ஆண்டுக் கருவி பெரும்பாலும் நின்றுதான் போகும். ஏன் நின்றது என்று குறிப்பேடு சரியாகச் சொன்னால், அடுத்த பேட்ச் அங்கிருந்து தொடங்கும். பர்டியூ ஏற்பாட்டின் பலமே இந்தத் தொடர்ச்சியில்தான் இருக்கிறது. நம் கல்லூரிகளில் முந்தைய பேட்ச்சின் தலைப்பை எடுப்பதைக் காப்பி என்று தடுக்கும் வழக்கம் இருக்கிறது. அந்தத் தடை நல்ல எண்ணத்தில் வந்தது, ஆனால் அதன் விளைவாக ஒவ்வொரு பேட்ச்சும் முதல் படியிலேயே நின்றுவிடுகிறது. ஒரே தொட்டியில் மூன்று பேட்ச்சுகள் வேலை செய்தால், மூன்றாம் ஆண்டில் அந்தக் கருவி ஊருக்குத் தகுந்ததாக இருக்கும், மூன்று குறிப்பேடுகளும் சேர்ந்து நல்ல பாடப்புத்தகமாகவும் ஆகியிருக்கும்.

மாவட்ட அளவில் தொடங்க அரசாணை எதற்கும் காத்திருக்க வேண்டியதில்லை. ஜனவரி முதல் மே வரை வரும் திங்கட்கிழமை மனுக்களில் கையால் தீர்க்கக்கூடியவற்றை மட்டும் ஒரு வருவாய்த் துறை எழுத்தரும் ஒரு பாலிடெக்னிக் விரிவுரையாளரும் உட்கார்ந்து பிரித்தால், ஜூன் முதல் வாரத்துக்குள் ஒரு பட்டியல் தயாராகிவிடும். அந்தப் பட்டியலை ஆட்சியர் அலுவலக அறிவிப்புப் பலகையிலும் எல்லாத் தொழிற்கல்வி நிலையங்களிலும் ஒட்ட வேண்டும். மாணவர் குழுக்கள் தாங்களே தேர்ந்தெடுக்கட்டும், மனுதாரரிடம் போய்ப் பேசி அவர் சம்மதம் வாங்கட்டும். உதிரிபாகச் செலவுக்கு மாவட்ட நிர்வாகம் ஒரு சிறு தொகையை ஒதுக்கி, பில்லைக் காட்டினால் பதினைந்து நாளில் தர வேண்டும். பதினைந்து நாள் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மாதக்கணக்கில் இழுத்தால் மாணவர் கைப்பணம் போட்டுவிட்டு அடுத்த முறை ரிச்சி தெருவுக்கே போவார். முதல் ஆண்டில் இருபது குழுக்கள் வந்தால் போதும். தீபம் முடிந்து ஒரு வாரத்தில், அந்த இருபது மனுதாரர்களையும் அழைத்து, கருவி மழையில் நின்றதா, கூட்டத்தில் தாங்கியதா என்று அவர்கள் வாயாலேயே கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். இரண்டாம் ஆண்டு பட்டியலை அந்தக் குறிப்புகளிலிருந்து எழுதத் தொடங்கலாம்.